பிடுங்கிய கேபிள்

மூன்றாம் வகுப்போடு நின்று, ராபர்ட்சன்பேட்டையில் மூன்று கடை போட்டவன் நான். என் காதில் விழுந்த பேச்சு எனக்குப் புரியாமல் போனதே இல்லை. காலை பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டுப் பெண், பக்கத்திலிருந்த ஆபீஸ் சீனியரிடம் சொன்னாள்.

"டூட்டியில இருக்குற பையனை ஓடுற மெஷின்ல ஒரு கேபிளைப் பிடுங்கச் சொல்லிட்டேண்ணா."

"இன்னா கவிதா, வேலை வேணாமா?"

"டெஸ்ட் மெஷின்தாண்ணா. நம்ம மெயின்ஃபிரேம் லினக்ஸுக்கு எந்த டிஸ்க்குன்னு பத்து மணி மீட்டிங்ல சொல்லணும். தப்பா சொன்னா வேலையை வேற டீமுக்குக் குடுத்துடுவாங்க."

"மெயின்ஃபிரேமுக்குன்னே வந்த பழைய டாஸ்டி டிஸ்க்கையே சொல்லு. டிஸ்க்குக்குப் போற ஒரு கேபிள் வழி அடைச்சா மெஷினே இன்னொரு வழியில போயிக்கும்."

"அது சின்னச் சின்ன சைஸுண்ணா, துண்டு துண்டா சேக்கணும். ஸ்கஸிங்கிற இன்னொரு வகைன்னா ஒரே பெரிய டிஸ்க்கா வாங்கலாம்."

"அதுல ரெண்டு வழியையும் லினக்ஸ்தான் பாத்துக்கணும். நீ லினக்ஸுக்கு ஒரு வழியை மட்டும் குடுத்துட்டு இன்னொண்ணை மறந்திருந்தா? எங்கப்பா தங்க மைன்ஸ்ல, வெளிய வர ரெண்டாவது வழி இல்லாத லெவல்ல கால் வெக்கமாட்டாரு."

"அதுக்குத்தாண்ணா பிடுங்கச் சொன்னேன்."

பங்காருபேட்டை தாண்டியதும் அவள் போன் அடித்தது.

"பிடுங்கிட்டியா? டிஸ்க்குல எழுதுறது நிக்கலையே? சரி, திரும்ப மாட்டிடு."

போனை மடியில் வைத்தாள். "ஓடுதுண்ணா."

சீனியர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஸ்கஸின்னே சொல்லு. ஒரு கேபிள் போனா இன்னா பண்ணுவேன்னு பழைய ஆளுங்க மடக்குவாங்க. அந்தக் கேள்வியை மொதல்ல நானே கேக்குறேன், நீ இப்ப பிடுங்கிப் பாத்ததைச் சொல்லிடு."