சத்தம் போடுற பம்ப்

கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் புதுப் பெற்றோல் பம்ப் பெட்டியோடு இருந்தார். பக்கத்தில், அவரே ஓட்டும் பழைய பாடசாலை வேனுக்கு இன்ஜெக்‌ஷன் எஞ்சின் மாற்றிக்கொடுக்கும் மெக்கானிக்.

"சத்தம் போடுற பம்ப்தான் வேணுமெண்டு நானேதான் கேட்டு வாங்கினேன் பாஸ்," என்றார் அந்தப் பெண்.

"ஐயோ ராத்தா, இது வெளியில பூட்டுறது. ஓடுற நேரமெல்லாம் இரையும். டேங்குக்குள்ள போடுறதெண்டா சத்தமே கேக்காது."

"என்ட தம்பிட வேன்ல உள்ளுக்குத்தான் கிடந்துச்சு. சத்தமில்லாமலே செத்துப்போச்சு. பாலாவி உப்பளத்துக்கிட்ட புள்ளைகளெல்லாம் வெயில்ல நிண்டிச்சு. இத என்ட சீட்டுப் பக்கமாப் பூட்டுங்க. சத்தம் மாறினா எனக்கு உடனே விளங்கும்."

"சரி, டேங்குக்குக் கீழ பூட்டினாத்தான் பெற்றோல ஒழுங்காத் தள்ளும். அதுக்குக் கீழயே உங்கட சீட்டுப் பக்கமா வச்சுத் தாறேன். ஆனா ராத்தா, ஆக்கள் சிரிப்பாங்க. பொம்புள ஓடுற வேன், அதுவும் இப்பிடி இரைஞ்சுகொண்டு போகுதெண்டு..."

"நான் வேன் எடுத்த அண்டைக்குத் தெருவே இரைஞ்சிச்சு. நிப்பாட்டினேனா?"