நிக்காம நட, அக்கா

ஆமாங்கம்மா, பதிமூணு கிலோ. எம்பத்தி நாலுல வந்தவ, இப்ப எழுபத்தொண்ணு. ஈரல்ல இருந்த கொழுப்பும் கரைஞ்சுபோச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சந்தோசம். அந்தக் கதவை நல்லாச் சாத்திட்டீங்கள்ல? என் தம்பி பொண்டாட்டி ஞானமணி வெளிய ஒக்காந்திருக்கா. அவளுக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்கும்.

ம்? அதுக்குத்தான் வாரேன். யாரும் நெருக்காம, ஒங்க இஷ்டத்துலதான் தம்பிக்கு ஈரலை அறுத்துக் குடுக்குறீங்களான்னு கேட்டீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி எடை எப்படிக் கொறைஞ்சுச்சுன்னு சொல்லிக்கிறேனே. ஊருல இதைக் கேக்க ஆளு இல்லம்மா. பாக்குறவகள்லாம், சந்தனமேரிக்குச் சக்கரை வந்துருச்சு போலருக்குன்னுட்டுப் போயிர்றாக.

நான் கீரமங்கலத்துல பூக்கட்டுறவ. விடியுமுன்ன மல்லியும் முல்லையும் சம்பங்கியும் கமிசன் கடையில வந்து எறங்கும். ஒக்காந்தா ஒக்காந்த எடந்தான். கை மட்டும் ஓடும், மத்ததெல்லாம் சும்மா கெடக்கும். வடைக்காரர் வேற மடியிலயே வந்து போட்டுட்டுப் போவாரு. பெறகு ஏறாம என்ன செய்யும்.

தம்பி சவரியப்பனுக்கு ஈரல் போச்சு, ஆரு குடுக்குறீகன்னு ஒங்க பெரிய டாக்டரு கேட்டாரு. ஞானமணிக்கு ரத்தம் சேரலை. எனக்குச் சேந்துச்சு. ஆனா படம் புடிச்சுப் பாத்துட்டு, ஒங்க ஈரலே கொழுப்பு அப்பிக் கெடக்கு, கொறைச்சுட்டு வாங்க, இல்லாட்டி அவரு மகளைத்தான் பாக்கணும்னுட்டாரு. மக இருக்கே, பிளெஸ்ஸி, அது காலேசுல படிக்குது. காத்தடிச்சாப் புடிச்சுக்கணும், அம்புட்டு ஒல்லி. அது சிரிச்சுக்கிட்டே சொல்லுதும்மா, அத்தை, ஒன்னால முடியாட்டி விடு, நான் குடுக்குறேன்னு. அந்தப் புள்ளை மேல கத்தி படக்கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சதுதான்.

ஆமா, குடிச்சுத்தான் போச்சு. அதுல மறைக்க என்ன இருக்கு. நிறுத்துனாத்தான் ஆப்பரேசன்னு நீங்க சொன்னதும், எங்க கோயில் பீடத்துக்கு முன்னாடி முட்டி போட்டு, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனான். இனிமே தொட்டா நீ எனக்கு அக்கா இல்லைன்னு அழுதான். நானும் அழுதேன். சாமியாரு வந்து ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டு வெளக்கை அணைச்சாரு.

அப்பறம் எடை. எங்களுக்கு ஒடம்பை ஒறுக்குறதுக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். தபசு காலத்துல ஒரு வேளை மட்டும் தின்னு ஒருசந்தி இருப்போம், வேளாங்கண்ணிக்கு நடப்போம். அதையே செஞ்சேன். விடியக்காலம் எந்திரிச்சு, செருப்புப் போடாம, செபமாலையை உருட்டிக்கிட்டு நடப்பேன். ஒரு வேளைச் சோறு, அதுவும் கஞ்சித்தண்ணி. மொதல்ல கடகடன்னு எறங்குச்சு. அப்பறம் நின்னுபோச்சு. மாதாவே, என்ன கொறை வச்சேன்னு இன்னும் கூட நடந்தேன், இன்னும் கம்மியாத் தின்னேன். ஒரு நா பூக்கூடையைத் தூக்குறேன், கை வரலை. பூவும்மா, கல்லு இல்லை. தலை சுத்தி சம்பங்கி மேலயே விழுந்துட்டேன்.

அப்பத்தான் பிராங்க்ளின் வந்தான். துபாயில ஜிம்முல வேலை பாத்துட்டு வந்து, கமிசன் கடைக்குப் பக்கத்து ஒரக்கடை மாடியில சொந்தமா ஒண்ணு வச்சிருக்கான். அவந்தான் தண்ணி தெளிச்சுத் தூக்கிவிட்டான். வெவரத்தைக் கேட்டுட்டு ஏசுனான் பாருங்க. ஏன் அத்தை, இது என்ன தபசு காலமா? இப்படிப் பட்டினியா நடந்தா கொழுப்போட சேந்து சதையும் போயிரும். நாளைக்கு வயித்தைக் கிழிச்சுத் தச்சுப் போட்டாகன்னா எதைப் புடிச்சு எந்திரிப்பீங்க, செபமாலையவான்னு கேட்டான். கொழுப்பெடுத்த பய. ஆனா பேச்சு உள்ளதுதான்.

நடக்குறதுக்குப் பேரு கார்டியோவாம்ல. அது மட்டும் பத்தாதாம், வெயிட்டும் தூக்கணுமாம். ஒரு நாளு அது, ஒரு நாளு இது. ரெண்டும் ஒரே நாளா வந்தா மொதல்ல வெயிட்டு, பெறகுதான் நடை. முட்டை தின்னு, கடலை தின்னு, மீனு தின்னுன்னான். சேலையோட ஒக்காந்து எந்திரிக்க முடியாதுன்னு தம்பியோட பழைய பேண்டை வாங்கி மாட்டிக்கிட்டேன். சிரிக்காதீங்க. அங்க வார டீச்சர்மாரெல்லாம் சிரிச்சு ஓஞ்சுட்டாக. மொத நாளு அந்தச் சின்ன இரும்புக் குண்டைத் தூக்கிட்டு ராத்திரி சடை பின்ன முடியலை எனக்கு. அப்பறம் பாத்தா, பூக்கூடை தானா மேல வருது. எடை எறங்குது, கை வலுக்குது. இந்த வயசுல இந்தக் கையைப் பாருங்க. தொட்டுப் பாருங்கம்மா, சும்மா. கல்லு மாதிரி இருக்கா?

ஏன் இம்புட்டுக் கஷ்டம்னா, தம்பி எனக்குச் செஞ்சது ஒண்ணு இருக்கு. மீமிசல்ல கட்டிக்குடுத்த எடத்துல என் வீட்டுக்காரரு செத்துப்போனதும், இருக்கவும் விடாம, போகவும் விடாம வச்சிருந்தாக. இவன் அப்ப கோட்டைப்பட்டினத்துலருந்து மீன் லோடு ஏத்துற வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். ஒரு நாளு லோடோட நேரா வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனான். யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. என் அண்டா குண்டானைத் தூக்கி ஐஸ்பெட்டி மேல வச்சான், என்னையும் ஏறுக்கான்னான். ஊரு வரைக்கும் கெழங்கா மீனோட ஒக்காந்து வந்தேன். எத்தனையோ நாளு தலைக்கு ஊத்தியும் அந்த வாடை போகலை. அந்த வாடைக்குத்தாம்மா ஈரல். அதுக்கு ஈரலைக் குடுக்குறது தகுமா தகாதான்னு நான் கணக்குப் பாத்ததே இல்லை.

தண்ணியா? குடுங்க.

ஜிம்முல காலையிலதான் பொம்பளையாளுகளுக்கு. அதனால நடையைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கச் சொல்லிட்டான் பிராங்க்ளின். அது யாருக்கும் தெரியாது. சொல்லணும்னும் தோணலை. போன வாரம் வெயிலு தாழ எறங்கி, தோப்புப் பக்கமா நடந்தேன். கையை வீசி, வேகமா, அவன் சொல்லிக்குடுத்த மாதிரி. அங்க ஒரு தோப்புல மோட்டார் ரூமு இருக்கு. அந்தத் தொட்டிக் கட்டையில என் தம்பி ஒக்காந்திருந்தான். என்னையப் பாத்ததும் பாட்டிலு துண்டுக்குள்ள போயிருச்சு. டம்ளரு போகலை. பக்கத்துல மிச்சரு.

அவனுக்கு நான் காலையில நடக்குறவன்னுதான் நெனப்பு. சாயங்காலம் வாரவ இல்லை.

நான் நின்னுட்டேன். அவனும் பாக்குறான், நானும் பாக்குறேன். அழுவான்னு நெனச்சேன். கால்ல விழுவான்னு நெனச்சேன். அவன் சொல்றான், நிக்காம நட, அக்கா, நின்னா எடை கொறையாதுன்னு. வெளாட்டுக்குச் சொல்லலை. நெசமாவே அக்கறையாச் சொல்றான்.

நான் என்ன செஞ்சேன்னு கேக்குறீங்க. நடந்தேன்மா. கால் பாட்டுக்குப் போகுது. பழகிப்போச்சுல்ல.

நேரா ஞானமணிகிட்டப் போனேன். அவ எனக்குத்தான் கொள்ளு அவிச்சுக்கிட்டிருந்தா. எடை எறங்கணும்னு அவதான் தெனமும் அவிச்சுக் குடுத்துவிடுவா. ஏத்தா, இவன் குடிக்கிறானான்னேன். கரண்டி கூட நிக்கலை. கொஞ்சம்தான் மதினி, ஒடம்பு வலின்னு தொடுறாக, செக்கப்புக்கு முன்னாடி நிறுத்திக்குவாக, புது ஈரல் வந்துட்டா எல்லாம் சரியாப்போயிரும்னா. நிறுத்தவே இல்லையாம்மா. நான் செருப்பில்லாம நடந்த நாள்லயும், சம்பங்கி மேல விழுந்த அன்னைக்கும், அவன் பேண்டை மாட்டிக்கிட்டு நான் குண்டு தூக்குனப்பவும், அங்கிட்டு அது பாட்டுக்கு நடந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. புது ஈரல்னு பேரு வச்சிருக்கா பாருங்க. எனக்குள்ள இத்தனை வருசமாக் கெடந்தது, அவளுக்குப் புதுசு.

கோவமா? கோவம்னா திட்டிருப்பேனே. இது வேற மாதிரி இருக்கு. சோறு தின்னுக்கிட்டிருக்கும்போது எலையை உருவுற மாதிரி.

இல்லம்மா, எனக்குப் பயம் இல்லை. கத்திக்குப் பயந்திருந்தா இந்த எடை எறங்கிருக்காது. அவன் நெசமா நிறுத்தட்டும், நீங்க சோதிச்சுப் பாத்துச் சொல்லுங்க, அன்னைக்கு வந்து படுக்குறேன். அதுவரைக்கும் இதை ஏறவிடமாட்டேன். நாளைக்கும் ஜிம்முக்குப் போவேன். ஆனா இப்ப வேணாம். அதான் நீங்க கேட்டதுக்குப் பதிலு. இஷ்டம் இல்லை.

ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. ஈரல்ல கொழுப்பு அப்படியேதான் இருக்குன்னு வெளிய சொல்லிருங்க.

பொய் சொல்ல முடியாதா. ஓ. காரணம் சொல்லாம, இவுக ஒடம்பு தோதுப்படலைன்னு மட்டும் சொல்லுவீங்களா. சரி, அது போதும். மிச்சத்தை ஞானமணியே நெனச்சுக்குவா. சந்தனமேரிக்கு வாயைக் கட்டத் தெரியலைன்னு ஊரு பேசட்டும், பரவால்ல. தம்பியைக் காட்டிக் குடுத்தவன்னு பேச வேணாம். வெளிய போனதும் கேண்டீன்ல ரெண்டு வடை வாங்கி அவ கண்ணு முன்னாடியே தின்னுர்றேன்.

அப்பறம்மா, நான் இல்லைன்னா அடுத்து அந்தப் புள்ளையைக் கூட்டியாருவாக. பிளெஸ்ஸி. அதையும் இதே மாதிரி தனியாக் கூப்புட்டுக் கேப்பீங்கள்ல? அது சிரிச்சுக்கிட்டே என் இஷ்டந்தான்னு சொல்லும். நம்பாதீங்க. அதுக்கு இதெல்லாம் தெரியாது. அதுக்கும் ஒடம்பு தோதுப்படலைன்னே சொல்லிருங்க. அது மேல கை வைக்காதீங்கம்மா.

எந்திரிக்கிறேன். பாத்தீங்களா, கையை ஊனாம எந்திரிக்கிறேன்.

கதவைத் தெறக்கும்போது என்னைய நாலு ஏச்சு ஏசுங்க. இத்தனை நாளு என்னதான் செஞ்சீங்கன்னு கேளுங்க. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க.