ஓடுபாதைக்குக் கீழே எங்கள் வளவு

"குப்புறப் படுங்கோ! வாயைத் திறவுங்கோ!"

கத்துவது நான்தான். படுத்திருப்பதும் நான் ஒருவன்தான்.

வெக்ஸ்போர்ட். நாங்கள் ஓடிவந்து சேர்ந்த வெளிநாட்டு ஊர். அக்கா வீட்டுப் பின்வளவு. செப்டெம்பர் லோங் வீக்கெண்ட். ஏரிக்கரையில் விமான சாகசக் காட்சியாம். முதலில் ஒரு கிழிசல். பழைய வேட்டியை இரண்டாகக் கிழிக்கிற சத்தம். பிறகுதான் இடி. முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்குகிறேன். நெஞ்சு நிலத்தில் பட்டால் அதிர்ச்சி உள்ளே இறங்கும். வாய் திறந்திருந்தால் செவிப்பறை தப்பும். அப்படித்தான் யுத்த நாட்களில் ஊரில் சொல்லித்தந்தார்கள். நெஞ்சு எழும்பிவிட்டது. வண்டி வயிறு எழும்பவில்லை. அன்றைக்கு எனக்கு வண்டி இல்லை.

"மாமா, இட்ஸ் ஜஸ்ட் எயார் ஷோ!" அக்காவின் மகள் போனில் படம் பிடிக்கிறாள்.

"எழும்படா. காலைக் கொண்டுபோய்ச் சம்பல் சட்டிக்கை வைச்சிருக்கிறாய்." இது அக்கா.

அக்கா அடுத்த கிழமை பறக்கிறாள். சென்னைக்கு. அங்கிருந்து சின்ன விமானத்தில் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு. எனக்கும் ரிக்கற் போட்டுவிட்டாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்திருக்கும்.

ஊர் ஓடுபாதையைப் போட்டவன் வெள்ளைக்காரன். உலக யுத்தம். ஜப்பான்காரன் வருவான் என்று பயம். எங்கள் குடும்பத்துப் புகையிலைத் தோட்டத்தை எடுத்தான். யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரன் வரவில்லை. தோட்டமும் திரும்பி வரவில்லை. பிறகு பயணிகள் விமானம் வந்தது. வேலியோரம் நின்று கை காட்டினோம். பிறகு எங்கள் யுத்தம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி. காலை. ஓடுபாதையடி ஆமி முகாமிலிருந்து ஷெல் வருகிறது. தூரத்தில் ஒரு குத்து. கூவல். அது நின்றால் ஆபத்து. கூவல் நிற்கிறது. அப்பா மாடுகளை அவிழ்த்துவிடப் போகிறார்.

"உள்ளுக்கை போ!" என்று கத்தினார்.

வளவிலிருந்த பதுங்குகுழிக்குள் போனேன். உயிர் விஷயத்தில் நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. அவர் வரவில்லை. மாடுகள் தப்பின.

சுடலைக்குப் போக வழியில்லை. அந்தப் பதுங்குகுழிக்குள்ளேயே அவரை வைத்தோம். அக்காவும் நானும் மண்ணைத் தள்ளினோம். கொள்ளி வைக்கவில்லை. திரும்பி வந்து எரிப்போம் என்றோம். ஓடினோம்.

பிறகு ஓடுபாதையை நீட்டினார்கள். எங்கள் வளவின் மேலால். இப்போது மறுபடியும் பயணிகள் விமானம் இறங்குகிறது.

"நான் வரேல்லை அக்கா. அப்பான்ரை நெஞ்சிலை பிளேன் சில்லு உருளும். அதுக்குள்ளை நான் இருக்கமாட்டன்."

அக்கா சட்டியை எடுத்துத் தள்ளி வைக்கிறாள். என் பக்கத்தில் புல்லில் குந்துகிறாள்.

"வேறை எந்த வழியாலையடா அவருக்குக் கிட்டப் போறது? நடந்து போனால் கம்பிவேலியோடை ஆமி மறிப்பான். உந்தப் பிளேனிலை போனால்தான் விடுவான்."

நான் இதை யோசித்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் அவருக்கு மேலை நிப்பம்?"

"ரண்டு மூண்டு செக்கன்."

"அந்த நேரம் அழக் காணுமோ?"

"நீ பெல்ற்றைப் போட்டுக்கொண்டு பேசாமல் இரு. நான் அழுறன்."

விமானங்கள் திரும்பி வருகின்றன. கிழிசல். இடி. மறுபடி குப்புறப் படுக்கிறேன். புல்லுக்குள் முகத்தை வைத்தபடி கத்துகிறேன்:

"யன்னல் சீற் எனக்கு!"

இழந்தவை. வெள்ளைக்காரனின் யுத்தத்தில் தோட்டம் ஒன்று. எங்கள் யுத்தத்தில் வீடு ஒன்று. கிணறு ஒன்று. பனைகளை எண்ணிவைக்கவில்லை. இறந்தவர் ஒருவர். எரிக்கப்படாதவர் ஒருவர்.