ஜாடிக்குள் இருந்த வாசனை

தேநீருக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. பரவாயில்லை, குடித்துவிடுவேன். வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். "ரொம்பப் பயந்துட்டியாம்மா? தண்ணி குடிக்கிறியா? வீட்டுக்குப் போறியா?" என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீங்கள்தான் அந்த ஜாடியை மேசைமேல் வைத்து, வாயில் பூசியிருந்த அரக்கு ஏன் உடைந்திருக்கிறது என்று கேட்டீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

அரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் அருங்காட்சியகத்தில் விண்கல் பிரிவின் உதவியாளர். வேதியியல் படித்தேன். விண்கல் என்றதும் ஆட்கள் இரும்பு மாதிரி கனமான ஒன்றை எதிர்பார்ப்பார்கள். அதுவும் எங்களிடம் இருக்கிறது, மேல்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். கீழ்த்தள அறையில் இருப்பது வேறு வகை. கரிம விண்கல். பார்ப்பதற்கு அடுப்புக்கரித் துண்டு போல இருக்கும். அழுத்திப் பிடித்தால் உதிரும், மழையில் கிடந்தால் குழைந்துவிடும். பூமிக்கும் மூத்தது. பெரிய சூடு எதையும் பார்க்காமல் வந்தது. அதனால் அன்றைக்கு அதில் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அதனால் அதற்கு வாசனை உண்டு. கல்லுக்கு வாசனை என்றால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் கல் நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வயலில் விழுந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. ஒன்றை டிராக்டர் ஓட்டுபவர் வெறுங்கையால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை ஒரு பள்ளி ஆசிரியை மழை வருவதற்குள் இடுக்கியால் எடுத்து, சுத்தமான கண்ணாடி ஜாடியில் போட்டு, அன்றே அரக்கு வைத்து மூடிவிட்டார். அதை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அந்த ஆசிரியையை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த உலகத்தில் எனக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

எங்கள் காப்பாளர் நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாகச் சிரிப்பார், எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பார். எனக்கு வைத்தது பூச்சி. வாயில்லாப் பூச்சியின் சுருக்கம். முதல் மாதத்திலேயே மொத்த அலுவலகமும் அப்படித்தான் கூப்பிட்டது. எனக்கு வருத்தமில்லை. யாரும் என் சொந்தப் பெயரை அவ்வளவு அடிக்கடி கூப்பிட்டதில்லை.

கீழ்த்தளத்துக்கு விருந்தாளிகள் வந்தால் டிராக்டர்காரர் எடுத்த துண்டு இருக்கும் ஜாடியைத் திறந்து நீட்டுவார்.

"மோந்து பாருங்க, சும்மா கிட்ட வாங்க. சூரியன் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்த தூசு இதுல இருக்கு. உங்க மாமனாரைவிட மூத்தது."

ஒருவர் ஷூ பாலிஷ் என்பார். ஒருவர் மழை விழுந்த தார் ரோடு என்பார். ஒரு சின்னப் பெண், "எங்க தாத்தா பெட்டி" என்றாள். அவர் கைதட்டிச் சிரித்தார். பிறகு ஜாடியைப் பின்பக்கமாக என்னிடம் நீட்டி, "பூச்சி, மூடிடு" என்பார்.

மூடுவேன். மூடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வாசனை என்பது காற்றில் வரும் ஏதோ மாயம் அல்ல, மேடம். கல்லிலிருந்து கிளம்பிய மூலக்கூறுகள். ஒருவர் மூக்கில் போனது திரும்ப ஜாடிக்கு வராது. நூறு பேர் மோந்தால் நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். நானாவது எடுக்காமல் இருக்கலாம் அல்லவா. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட மோந்து பார்க்கவில்லை. அவரும் ஒரு தடவைகூட என்னிடம் நீட்டவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருந்தன.

போன மாதம் வந்த ஒரு பெரியவர் ஜாடிக்குள் மூக்கை வைத்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே சார்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். காப்பாளர் வாங்கித் தானும் மோந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். அவர் முகம் அப்படி வாடி நான் கண்டதில்லை. எல்லோரும் போன பிறகு ஆசிரியையின் ஜாடி இருந்த சுவரோரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி விடு. இன்னொண்ணுதான் இருக்கே" என்றார்.

புதுக் கட்டடத்துக்கு நன்கொடை தரும் குடும்பம் வரும்போது ஆசிரியையின் ஜாடியைத் திறப்பது என்று முடிவாகிவிட்டது.

வேண்டாம் என்று சொல்ல நான் முயற்சி செய்தேன். பேருந்தில் வரும்போது சொல்லிப் பழகினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அங்க யாரோட பேசற?" என்று அக்கா கதவைத் தட்டினாள். அம்மாவிடம், "இவளை ஆபீஸ்ல வெச்சுப் பூட்டிட்டுப் போனாக்கூடக் கத்தமாட்டாம்மா. காலையில திறந்ததும் குட்மார்னிங் சொல்லுவா" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. "அவ சுபாவம் அது" என்றாள். அம்மா அப்படிச் சொல்லும்போது எனக்கு ஏதோ தீராத வியாதி இருப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

"சார்."

"சொல்லும்மா."

"அந்த ஜாடி…"

"ஆமா, நானே சொல்லணும்னு இருந்தேன். மேலெல்லாம் ஒரே தூசி. துடைச்சு வெச்சிடு."

துடைத்து வைத்தேன்.

இனி அறையைப் பற்றி. கல் ஈரம் குடிக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளுக்குள் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கும். அது விஷமில்லை. நாம் இப்போது மூச்சுவிடும் காற்றில் பெரும்பங்கு அதுதான். ஆனால் அது மட்டுமே அறையில் நிறைந்தால் பிராணவாயுவுக்கு இடமிருக்காது. நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அதற்காகச் சுவரில் ஒரு எச்சரிக்கைக் கருவி உண்டு. பிராணவாயு குறைந்தால் கத்தும். ரொம்ப நுட்பமான கருவி, ஒன்றுமில்லாததற்கும் கத்தும். காப்பாளர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்.

விருந்தாளிகள் வரும்போது அது கத்தினால் அசிங்கம் என்று, "மாமியாரைத் தூங்க வை" என்பார். நான் கருவியை அணைத்து, காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போடுவேன். அவர்கள் போனதும் விசிறியை நிறுத்தி மாமியாரை எழுப்புவேன். விதிமுறையில் அப்படி இல்லை. ஆனால் எங்கள் பிரிவில் வேலை அப்படித்தான் நடந்தது. எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை படியில் இறங்கும்போதே காவலாளி அண்ணனின் தைல வாசனை வந்தது. முழங்கால் வலி அவருக்கு. அதற்கு அடியில் தரை துடைத்த மருந்தின் வாசனை, அதற்கும் அடியில் யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல். என் மூக்கு அப்படி. வீட்டில் பால் திரிவதை முதலில் சொல்வது நான்தான்.

அறைக்குள் போனேன். பெட்டிக்குப் பின்னால் குழாயில் சீறல் கேட்டது. அது புதிதல்ல. முந்தின வாரமே மெல்லிசாகக் கேட்டது. குழாய் பார்க்க வந்த மெக்கானிக், "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கேட்டால் சொல்வேன் என்று இப்போதுதானே சொன்னாய் என்கிறீர்கள். அவர் கேட்டது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. குழாயைப் பற்றி அல்ல.

குழாயைத் தளர்த்தியது நான் இல்லை. அது தானாகத் தளர்ந்தது. அன்று சீறல் நன்றாகவே கேட்டது. நான் மாமியாரைத் தூங்க வைத்தேன். விருந்தாளிகள் வரும் நாளில் எப்போதும் செய்வதுதான். விசிறியைப் போடவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து மேலே என் இடத்தில் உட்கார்ந்து சீட்டுகளில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். அறை சின்னது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போட்டேன்.

நன்கொடையாளர் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் நான் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

அவர்கள் கார் வழியில் நின்றுவிட்டதால் தாமதமாகும் என்று தொலைபேசி வந்தது. அது அவர்களுடைய நல்ல நேரம். அதில் என் பங்கு எதுவும் இல்லை, எனவே அதற்காக எனக்கு எந்தச் சலுகையும் தர வேண்டாம்.

காப்பாளர், "நான் போயி எல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்று எழுந்தார். என் மேசையைத் தாண்டும்போது நின்றார்.

"என்ன பூச்சி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ள போகாதீங்க சார். அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்டது சாப்பிட்டாயா என்று. சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

"இன்னிக்காவது சிரிச்ச மூஞ்சியா இரு. நல்ல நாள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பின்னாலேயே போனேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அவர் பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நிமிர்ந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி, ஜாடியைத் தூக்கிக் காட்டி, வா என்று கையசைத்தார். அரக்கை உடைக்க உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நான் போகவில்லை. அவர் ஜாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். கீழே போடவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டார், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பது போல.

நான் கண்ணாடி முன்னாலேயே நின்றேன். கை கதவுப்பிடியில்தான் இருந்தது. பிடி குளிர்ச்சியாக இருந்தது. யாராவது வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது. நிஜமாகவே இருந்தது. யாரும் வரவில்லை.

போதும் என்று தோன்றியபோது வெளியில் இருக்கும் சுவிட்சில் விசிறியைப் போட்டேன். மாமியாரையும் அங்கிருந்தே எழுப்பினேன். அது கத்தத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தம். எனக்குப் பதிலாக அது கத்துவதுபோல இருந்தது. காவலாளி அண்ணன் வலிக்கிற காலோடு ஓடிவந்து, என்னை ஓரமாகத் தள்ளி, "நீ உள்ள போகாத பாப்பா, நீ போகாத" என்றார். நான் போவதாக இல்லை.

அலாரம் அடித்தது, ஆனால் தாமதமாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அம்மாதான் போகச் சொன்னாள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் பூச்சியாம்மா? முந்தின நாள் பூரா உன் பேச்சுதான். அந்த ஜாடியத் திறந்தா முதல்ல பூச்சிதான் மோந்து பாக்கணும், வந்தவங்க எல்லாம் அப்புறம்தான்னார். இத்தனை வருஷமா அவ மூடிக்கிட்டேதானே இருந்தா, ஒரு தடவை நீட்டணும்னு எனக்குத் தோணலையே, நான் ஒரு மடையன்னார்."

நான் தலையாட்டினேன். வீட்டில் ஆண்கள் பலதும் சொல்வார்கள்.

நீங்கள் கேட்ட அரக்குக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து நேராக அருங்காட்சியகத்துக்கு வந்தேன். சாவி என்னிடம் இருந்தது. அதே ஸ்டூலில் உட்கார்ந்து நான்தான் உடைத்தேன். முதலில் நான் மோந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். செத்துப்போனவரின் விருப்பத்தைத் தட்டக் கூடாது. அதுவுமில்லாமல், ஒருவரைக் கொன்று ஒன்றைக் காப்பாற்றினால் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்புதானே. ஆம், கொன்று என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூடியைத் தூக்கி நன்றாக மூச்சை இழுத்தேன். ஆசைதீர இழுத்தேன், மேடம்.

அரக்குக்கு அடியில் நூலளவு ஒரு பழைய விரிசல் இருந்ததாக உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ போயிருக்கும், வெறும் கரித்துண்டுதான் மிச்சம் என்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. அந்த ஆசிரியை அப்படி மூடியிருக்க மாட்டார்.

அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருந்திருக்கும். அவ்வளவுதான்.