பத்துச் சுற்று

மோர் கொடுத்ததற்கு நன்றி இன்ஸ்பெக்டர் மேடம். வெயில் காலத்தில் எனக்கு டீ ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் பள்ளியில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு பார்ப்பவர்களின் பிள்ளைகள். லைனில் நின்று, சூப்பர்வைசர் சொன்னதைச் செய்து பழகிய குடும்பங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது தானே முடிவெடுக்கிறவளாக ஆக்க வேண்டும் என்றுதான் கபடி டீமை எடுத்து நடத்தினேன்.

பிளஸ் ஒன் பிரவீனாவை கேப்டனாக்கினேன். நல்ல பிடி. ஆனால் இளகிய மனசு. அவளுடைய சிநேகிதி கவியா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

அன்று கவியா பயிற்சிக்கு அரை மணி தாமதம். அம்மாவுக்குக் கம்பெனியில் ஓ.டி., தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தாளாம். தண்டனையை முடிவு செய்யும்படி பிரவீனாவிடம் விட்டேன்.

"கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடட்டும், மிஸ்."

"சிநேகிதிங்கறதால ரெண்டா?"

தலையைக் குனிந்துகொண்டு பத்து என்றாள். மணி பன்னிரண்டு இருக்கும்.

ஆறாவது சுற்றில் கவியா பிரவீனா அருகே வந்து நின்றாள். "ஏட்டி, ஒரு வாய் தண்ணி தா."

பிரவீனா என்னைப் பார்த்தாள். "என்னை ஏன் பாக்கற? கேப்டன் யாரு?" என்றேன்.

"முடிச்சிட்டு குடி," என்றாள் பிரவீனா. குரல் நடுங்கியது. அதைத் திருத்தச் சொன்னேன். மறுபடி நடுங்காமல் சொன்னாள்.

எட்டாவது சுற்றில் கவியா விழுந்தாள்.

"மிஸ், அவ ஒரு மாதிரி உளர்றா மிஸ். தூக்கினு போலாம்."

"நடிக்கிறா. நீ இப்ப இரங்கினா நாளைக்கு எவளும் உன்னை மதிக்கமாட்டா."

இருபது நிமிடம் அவள் வெயிலிலேயே கிடந்தாள். யாரும் கிட்டே போகவில்லை. பிறகு நான்தான் ஆட்டோ கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கொன்றது தான்தான் என்று பிரவீனா உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதைக் கிழித்துவிடுங்கள். எனக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. ஆறாவது சுற்றிலேயே கவியாவின் தோலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, கொதித்தது. வேர்வை இல்லை. அப்படியென்றால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் நிறுத்தவில்லை. பிரவீனா தேறுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேறினாள் மேடம். கவியா கையை நீட்டியபோதுகூட அவள் அசையவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை மாறாமல் நடந்துகொள்கிற அளவுக்கு அவளுக்குத் தலைமைப் பண்பு வந்துவிட்டிருந்தது.