டெல்ஃபினாவின் ஜன்னல் காட்சி

இந்த வயதிலும் மேட்டே இலைக் கஷாயம் குடித்தால் எனக்குச் சர்க்கரை வேண்டும். சினிமாக்காரர்கள் கேலி செய்வார்கள். நீங்களோ ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தீர்கள், நீதிபதி அம்மா. அதனால் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ரொசாரியோவில் தையல்காரர் மகன். புவனோஸ் ஐரிஸ் வந்து சோப்பு விளம்பரங்கள் எடுத்தேன், பிறகு யாரும் பார்க்காத இரண்டு படங்கள். மூன்றாவதும் விழுந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அது 1977, ராணுவ ஆட்சி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலம். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. மொத்தப் படமும் ஒரு காட்சியில் நின்றது: அவள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்க வேண்டும். நான்கு நிமிடம், வசனமே கிடையாது.

டெல்ஃபினா நல்ல நடிகை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றாள். ஒன்பது முறை எடுத்துப் பார்த்தோம். கேமராமேன் புருனோ என் காதில் சொன்னான்: "விடுங்க எவாரிஸ்டோ. இந்தப் பொண்ணு யாருக்காகவும் பயந்ததே இல்ல. இல்லாதத எங்கேர்ந்து எடுக்கறது?"

அவன் சொன்னது நியாயம். இல்லாததைக் கொடுப்பதுதான் இயக்குநர் வேலை.

அவளுக்கு ஒரே தம்பி, ராமிரோ. இறைச்சித் தொழிற்சாலையில் தொழிற்சங்க வேலை பார்த்தான். ஞாயிறன்று அவர்கள் வீட்டு விருந்தில் அவன்தான் கறி சுட்டான். கறி சுட்டவனுக்குக் கைதட்டுவது எங்கள் வழக்கம். எல்லோரோடும் சேர்ந்து நானும் தட்டினேன். திங்கட்கிழமை காலை பொதுத் தொலைபேசியிலிருந்து ராணுவத்தாருக்கு அவன் பெயரையும் முகவரியையும் சொன்னேன். துண்டுப் பிரசுரம் கொடுக்கிறான் என்றேன், அது உண்மைதான்.

புதன்கிழமை டெல்ஃபினா தானே படப்பிடிப்புக்கு வந்தாள். "தம்பியப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. வீட்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிரும், டைரக்டர். ஏதாவது வேல குடுங்க." ஜன்னலில் நிறுத்தினேன். தெருவில் ஒரு கார் கதவு சாத்தப்பட்டபோது அவள் கழுத்து நரம்பு துடித்தது. புருனோ கேமராவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை ராமிரோவை விட்டுவிட்டார்கள். இரண்டு விரல் உடைந்திருந்தது, மற்றபடி ஆள் முழுசாக இருந்தான். டெல்ஃபினா ஒரு கூடை இனிப்பு ரொட்டியோடு வந்தாள். "எடுத்துக்குங்க டைரக்டர். இன்னிக்கு யாரும் வேணாம்னு சொல்லக் கூடாது." நான் மூன்று சாப்பிட்டேன். எனக்கு மனதார மகிழ்ச்சிதான்.

செவ்வாயன்று லேபிலிருந்து செய்தி வந்தது. பிலிமைக் கழுவும்போது அந்த ஜன்னல் காட்சிச் சுருள் முழுக்கக் கீறல் விழுந்துவிட்டதாம். மறுபடி ஜன்னலில் நிறுத்தினேன். தம்பி வீட்டில் தூங்குகிறான் என்ற நிம்மதி அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இதற்குள் புருனோ வேறு சொன்னான், "நாளைக்குக் காலைல அவன் உருகுவேக்குக் கப்பல் ஏறுறானாம். பொழைச்சான்." அந்தக் கப்பல் கிளம்பும்வரைதான் எனக்கு நேரம்.

எண் மனப்பாடமாக இருந்தது. இந்த முறை துறைமுகத்தையும் கப்பல் நேரத்தையும் சொன்னேன்.

அடுத்து எடுத்தது முன்னதைவிட நன்றாக வந்தது. படம் வெளிநாட்டில் பரிசு வாங்கியது, அதன் பிறகு பதினோரு படங்கள் செய்தேன். ராமிரோ திரும்பவில்லை. அன்று முதல் ஞாயிறுதோறும் டெல்ஃபினா என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். "எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்பாள்.

ஒரே ஒரு வேண்டுகோள், நீதிபதி அம்மா. இந்த வாக்குமூலத்தை அவள் எதிரில் படிக்காதீர்கள். அவள் பட்டது போதும். இனி யாராவது அவளை நோகடித்தால் என்னால் தாங்க முடியாது.