அழைத்தும் திறவா வாசல்

— ஆயுசுல முதல் தடவையா இன்னிக்குத்தான் உங்க பேரை வாய்விட்டுச் சொன்னேன். சுப்புரத்தினம் வீடு எதுன்னு தெருத்தெருவாக் கேட்டேன். இந்தக் கடலூர் முதுநகர்ல ஒருத்தருக்கும் தெரியல.

— சாமுவேல் வாத்தியார்னு கேட்டிருக்கணும், பாலாம்பா. இங்க எனக்கு அந்தப் பேருதான். உள்ள வா. நாற்காலி ஒண்ணுதான் கெடக்கு, நீ உக்காரு.

— அப்புறம் பாட்டு எழுதுறவரு வீடுன்னு கேட்டேன். உடனே ஒரு மீன்காரம்மா கூடைய எறக்கி வச்சிட்டு, மாதா கோயில் பக்கம் கையக் காட்டிச்சு.

— சிதம்பரத்துலேருந்து ஒத்தையிலயா வந்தே? எங்கப்பா எப்படி விட்டாரு?

— மாமா போயிட்டாருங்க. கருமாதியும் முடிஞ்சு போச்சு.

— எனக்கு யாரும் சொல்லலியே!

— சொல்லக் கூடாதுன்னு அவரே சொல்லி வச்சிருந்தாரு. உங்க தம்பிதான் கொள்ளி வச்சாரு.

— கடைசியிலயாவது என்னைக் கேட்டாரா?

— உங்கள கேக்கல. உங்க பாட்டக் கேட்டாரு.

— என் பாட்டையா?

— ஆஸ்பத்திரியில ஒரு நர்சுப் பொண்ணு, இந்த ஊருதான். ஜுரம் பாக்கறப்போ வாய்க்குள்ளயே பாடிக்கும். ஒரு நாளு மாமா, "அத இன்னொரு தடவ பாடும்மா"ன்னாரு. அதுலேருந்து தெனம் பாடச் சொல்லுவாரு. "அடைத்த கதவின் இடுக்கிலே உம் விளக்கொளி கண்டேன் ஐயனே, அழைத்தும் திறவா வாசலில் அழுதே நிற்கிறேன் ஐயனே."

— யாரு எழுதுனதுன்னு அவருக்கு...

— எங்க ஊரு வாத்தியாரு ஒருத்தருன்னு மட்டும் அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அவருக்கு அது யாரோ எவரோ. "நல்லா எழுதியிருக்கான்"னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. எழுதுனது நீங்கதான்னு எனக்குப் புரிஞ்சு, கஞ்சியப் போர்வையில ஊத்திட்டேன்.

— நீ சொல்லியிருக்கலாமே, பாலாம்பா.

— சொல்லியிருந்தா மறுநா பாடச் சொல்லியிருக்க மாட்டாரு.

— இந்த ஊர்ல அந்தப் பாட்டு இல்லாம ஒரு சாவு கெடையாது, பண்டிகை கெடையாது. வாத்தியாரு பரலோக வாசல்ல நிக்கிற மாதிரிக் கனாக் கண்டாரு, அப்ப எழுதுனதுன்னு போதகர் பிரசங்கத்துல சொல்லுவாரு. நானும் இல்லேன்னதில்ல. பாடி முடிச்சிட்டு எல்லாரும் பொண்டாட்டி புள்ளையோட சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போவாங்க. நான் இங்க வந்து எனக்கு மட்டும் ஒலை வைப்பேன்.

— நானும் அந்த வீட்டுல அப்படித்தான். பூ வச்சா ஒரு பேச்சு, வைக்காட்டி ஒரு பேச்சு. வாழறவளா, அறுத்தவளான்னு அவுங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அது கனாவுல எழுதுனது இல்லீங்களே?

— எங்க கனா? ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு, உன்னையும் கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு சிதம்பரத்து வீட்டுக்கு வந்தேன். ஐப்பசி அடைமழை. "செத்தவனுக்கு எவளும் கதவத் தெறக்கக் கூடாது"ன்னு அப்பா உள்ளேருந்து கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. படிக்குக் கீழ நின்னு உன் பேரைச் சொல்லிக் கூப்புட்டேன். தொண்டை கட்டுற வரைக்கும் கூப்புட்டேன். மூச்சு காட்டல நீ. இடுக்குல ஒரு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. சாமி மாடத்து வெளக்குன்னு நெனச்சேன்.

— அப்புறம் கெளம்பிட்டீங்க.

— நனைஞ்சுக்கிட்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலு வர்றதுக்குள்ள பாட்டு முழுசா வந்துடுச்சு. சாமியப் பாத்து எழுதுனதுன்னு சனங்க பாடுறாங்க. நான் உன்னை நெனச்சு எழுதுனேன். நீயும் வேணாம்னுட்டியேன்னுதான் இத்தன வருஷமா அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல.

— அது சாமி வெளக்கு இல்லீங்க. அரிக்கேன் வெளக்கப் புடிச்சிக்கிட்டு நான்தான் நின்னேன். கதவத் தெறக்க மாட்டேன், பதில் குடுக்க மாட்டேன்னு மாமா எங்கிட்ட கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கியிருந்தாரு.

— அப்போ நீ... கதவுக்குப் பின்னாடியேவா இருந்தே?

— தாழ்ப்பாள சத்தமில்லாம எடுத்துட்டுத்தாங்க நின்னேன். வெறுங்கதவு. நீங்க ஒரு தடவ கூடத் தள்ளிப் பாக்கலியே.